கொப்புளமும் ஒரு கோப்பைத் தேநீரும்

நானுஓயாவில் புகைவண்டியை விட்டு இறங்கும் பிரயாணிகள் முதலிற் செய்யும் காரியம் பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டையை வெளியில் எடுப்பது. அடுத்தபடியாக அவர்கள் சொல்லும் வார்த்தை, "அப்பாடா, இங்கே வெயிலுக்குப் பயமில்லை" என்பது. நுவரெலியாவுக்கு ஆசிரியத் தொழில் பார்க்க வந்த புதிதில் நாமும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருந்தோம். குளிர் உள்ள இடத்தில் வெயிலின் கொடுமை இராது என்பது பார்வைக்கு நியாயமான முடிவாகத்தான் தோன்றுகிறது. அம்முடிவு பிழையென்பதை நமக்குக் கற்பித்தது பௌதிகப் புத்தகம் அன்று; நம்மிடம் படித்த ஒரு மாணவியின் தாயாருடைய இரண்டு முன்னங்கைகளே கற்பித்தன.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்று சூடு தாங்காது, ஆதலால் குளிர்கிறது. ஆனால் அதே மெலிந்த காற்று, சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாது கலந்து வரும் ஊதாக்கடந்த கதிரை வடிகட்டுவதிலும் சோம்பலாகிவிடுகிறது. ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய பத்து வீதம் என்ற கணக்கில் அக்கதிர் கூடுகிறது. வானம் ஒரே விதமாகத் தெளிந்திருந்தால், கொழும்பில் நிற்பவரைவிட இங்கு நிற்பவர்மேல் அக்கதிர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக அதிகம் விழும். மெல்லிய மேகமும் அதைத் தடுப்பதில்லை. உடம்பு சுடவில்லையே என்று நாம் ஏமாந்திருக்கும்போது தோல் மட்டும் தன் கணக்கை எழுதிக்கொண்டே இருக்கிறது.

இனி அந்த முன்னங்கைகளின் கதைக்கு வருவோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். அந்த அம்மையார் இதை எழுதச் சம்மதித்தபோது கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

2023 ஆம் ஆண்டு தை மாதம். மலைநாட்டில் தையும் மாசியும் விசித்திரமான மாதங்கள். விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்து மணிக்கோ வானம் கழுவித் துடைத்த கண்ணாடிபோல் நீலமாகிவிடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பனியில் விறைத்த விரல்களோடு மலைக்கு ஏறி, பகலில் நேர் வெயிலிற் காய்வார்கள். நம் மாணவியின் தாயாரும் அவர்களில் ஒருவர். வயது நாற்பதுக்குள். இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் கைகால் மூட்டுகளில் வலி இருந்தது. அதை வாதம் என்றார்கள். தலைமயிர் கொட்டியது, அதைத் தண்ணீரின் குற்றம் என்றார்கள். வெயிலிற் சென்று திரும்பினால் மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் செம்மை படர்ந்தது. அதை யாரும் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. குளிர்ந்த காலை நேரங்களில் விரல்கள் முதலில் வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவந்தன. குளிரூரில் அதுவும் ஓர் ஆச்சரியமா என்று விட்டுவிட்டார்கள். நான்கு அடையாளங்களும் தனித்தனியாக நின்றபடியால் நான்கும் ஒரு நோயின் கையெழுத்து என்பதை வாசிக்க ஆளில்லை.

அந்தத் தை மாதத்தில்தான் கொப்புளங்கள் தோன்றின. கழுத்தில், முன்னங்கைகளில், முகத்தில், வாயின் உள்ளே கூட. சில சிறியன, சில, சுடுநீர் பட்டாற் கிளம்புமே, அவ்வளவு பெரியன, இறுகி, நீர் நிறைந்து நின்றன.

லயத்தில் இதற்கு ஒரே விளக்கந்தான் உண்டு. அம்மன் வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். மாரியம்மன் கோயிலிலிருந்து மஞ்சள் நீர் வந்தது. இதைக் கேலி செய்ய நாம் எழுதவில்லை. தமிழ்நாட்டின் கிராமங்களை விட்டுக் காடும் மலையும் கடந்து வந்த மக்கள் கையோடு கொண்டு வந்த ஒரே வைத்தியசாலை அந்த அம்மன்தான். பெரியம்மை ஊர் ஊராகத் தின்ற காலத்தில், நோயாளியைத் தனியே வைத்து, வீட்டைத் துப்புரவாக வைத்து, வெளியாரை உள்ளே விடாத அந்த வழக்கத்தில் அறிவும் இருந்தது. பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று 1980 ஆம் ஆண்டு பிரகடனமாயிற்று. ஆனால் கொப்புளம் என்றதும் அம்மன் என்று நினைக்கும் பழக்கம் அதனோடு ஒழிந்து போகவில்லை. சின்னம்மை இன்றும் இருப்பதால் அந்நினைப்பு பல வேளைகளிற் சரியாகவும் இருந்துவிடுகிறது.

ஆனால் சின்னம்மை ஒரு வாரம், பத்து நாளிற் பொருக்குக் கட்டி அடங்கும். இது அடங்கவில்லை. பழைய கொப்புளம் ஆறுவதற்குள் பக்கத்திற் புதியது கிளம்பியது. மூன்றாவது வாரத்தில் ஓரிடத்திற் காட்டினார்கள். கிருமிப் புண் என்று சில குளிசைகள் கிடைத்தன. அவற்றை உண்டபின் நிலைமை மோசமாயிற்று. கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. இறுதியில் கண்டிக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே தோல் வைத்திய நிபுணர் ஒரு கொப்புளத்தின் ஓரத்தில் மிளகளவு தோலை எடுத்துச் சோதிக்க அனுப்பினார்; இரத்தமும் சிறுநீரும் சோதித்தார். வந்த விடை: லூப்பஸ் என்னும் நோய்; அதிலும் அபூர்வமாக வரும் கொப்புள வகை.

லூப்பஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். முகத்தை ஓநாய் கடித்துக் குதறியதுபோற் புண்ணாக்கும் வியாதிகளுக்கு ஐரோப்பிய வைத்தியர்கள் பண்டைக் காலத்திலேயே அப்பெயரை இட்டனர். பாரிஸ் நகர வைத்தியர் கசனாவ் 1851 ஆம் ஆண்டில் இந்த நோயைத் தனியே பிரித்து, செந்நிற லூப்பஸ் என்று பொருள்படப் பெயரிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வியன்னாவில் ஹெப்ரா என்பவர், மூக்கின்மேல் உடலும் இரு கன்னங்களின்மேல் சிறகுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி அமர்ந்தது போன்ற செம்மை என்று அதை வருணித்திருந்தார். ஒரே வியாதிக்கு ஒருவர் ஓநாயைக் கண்டார். மற்றவர் வண்ணத்துப்பூச்சியைக் கண்டார். இரண்டும் உண்மையே. தொடக்கத்தில் அது வண்ணத்துப்பூச்சிபோல வந்து அமர்கிறது. கவனியாது விட்டால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் மூளையையும் கூட ஓநாய்போற் கடிக்கிறது.

இந்த நோய் கிருமியால் வருவதன்று. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க நம் உடம்பு பிறபொருளெதிரிகள் என்ற காவற்படையை வைத்திருக்கிறது. லூப்பஸ் நோயில் அந்தப் படை, காக்கவேண்டிய வீட்டையே பகைவன் கோட்டை என்று எண்ணித் தாக்குகிறது. நோயாளிகளிற் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதினரே மிகுதி. ஊதாக்கடந்த கதிர் தோலின் உயிரணுக்களைச் சிதைக்கும்போது அவற்றின் உட்பொருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றைக் கண்டதும் மேற்சொன்ன படை கிளர்ந்து எழுகிறது. வெயில் இந்த நோயைத் தூண்டுவது இப்படித்தான்.

கொப்புளம் வருவது ஏன்? நம் தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலடுக்கைக் கீழடுக்கோடு பிணைத்து வைக்க மிக நுண்ணிய நங்கூரக் கயிறுகள் உள்ளன. அவை ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. லூப்பஸ் நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடத்தில், பிறபொருளெதிரிகள் அந்தக் கயிறுகளையே குறிவைத்து அறுக்கின்றன. கயிறு அறுந்த இடத்தில் அடுக்குகள் பிரிகின்றன, இடைவெளியில் நீர் நிறைகிறது, அதுவே கொப்புளம். இக்கொப்புளம் வெயில் படும் இடத்தில் மட்டுமன்றி வெயில் படாத இடத்திலும் வாயினுள்ளும் வரும். இது வந்தால் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டும். இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. தொடுவதால், தண்ணீரால், பாத்திரத்தால், மூச்சால் இது ஒருபோதும் பிறருக்குத் தொற்றாது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. டப்ஸோன் என்ற மலிவான பழைய மருந்து இக்கொப்புளத்தை வியக்கத்தக்க விரைவில் அடக்குகிறது. இரத்தத்தைச் சோதித்து, அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று கண்டபின், வைத்தியர் அதைக் கொடுத்தார். சில நாட்களிலேயே புதிய கொப்புளம் எழுவது நின்றது. சிறுநீரகத்துக்கு வேறு மருந்துகள் தந்தார். ஒரு மாதத்தில் அந்த அம்மையார் லயத்துக்குத் திரும்பினார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். உண்மையில் துன்பம் இங்கேதான் தொடங்கியது.

லயத்தில் படித்த வாலிபர் ஒருவர், மருந்துப் பையின்மேல் எழுதியிருந்த பெயரைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை, ஆவல்தான். அதில் வந்த முதல் வரி: குஷ்டரோகத்துக்கான மருந்து.

அதுவும் பொய்யன்று. 1908 ஆம் ஆண்டிலேயே இரசாயனசாலையில் ஆக்கப்பட்ட அந்த மருந்து, 1940களிற் குஷ்டரோக சிகிச்சைக்கு வந்து, அந்நோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையை உலகுக்கு அளித்தது. இன்றும் அந்நோய்க்குரிய கூட்டு மருந்தில் அது ஓர் அங்கம். ஆனால் ஒரே சாவி இரண்டு பூட்டுகளைத் திறந்தால் இரண்டு வீடும் ஒன்றாகிவிடுமா? அந்தக் கேள்வியை லயத்தில் யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் செய்தி மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு இரண்டையும் சுற்றி வந்துவிட்டது.

பீலிக்கரையில், எல்லோரும் தண்ணீர் பிடித்த பின்பு வரும்படி அந்த அம்மையாரிடம் சொன்னார்கள். கொழுந்து நிறுக்குமிடத்தில் அவர் கூடைக்குப் பக்கத்திற் கூடை வைக்க ஒருவரும் முன்வரவில்லை. கோயிற் பிரசாதத்தை இலையில் வைத்து எட்ட நின்று நீட்டினார்கள். வேப்பிலை கட்டியபோது தெய்வம் வந்த வீடாக இருந்தது, மருந்துப் பெயர் தெரிந்ததும் தீண்டாத வீடாயிற்று. அம்மையார் இதையெல்லாம் பொறுத்தார். மகளாற் பொறுக்க முடியவில்லை. உயர்தர வகுப்பில் முதல் வரிசையில் அமரும் அப்பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

பத்து நாள் பார்த்தோம். பதினோராம் நாள் ஒரு சக ஆசிரியரிடம் விசாரித்தபோது, "அந்தப் பிள்ளையின் தாய்க்குப் பெருவியாதியாம்" என்றார். அன்று மாலையே லயத்துக்குப் புறப்பட்டோம். ஏதோ பெரிய வீரச் செயல் புரியப் போவதான நினைப்பு வழியெல்லாம் நம் நெஞ்சில் இருந்ததை மறைப்பதற்கில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. புகை படிந்த சுவரில் முருகன் படம். அதன் கீழே அப்பிள்ளையின் பரிசுப் புத்தகங்கள். நம்மைக் கண்டதும் தாயார் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "வாங்க சேர், ஒக்காருங்க" என்றார். கைகளிற் கொப்புளங்கள் ஆறி, கறுத்த வடுக்கள் காசு காசாகக் கிடந்தன. அவரே எல்லாவற்றையும் சொன்னார். கண்டி வைத்தியர் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமற் சொன்னார். மகள் வாசற்படியில் நின்றாள். சற்று நேரத்தில் அவர் எழுந்து சாயம் ஊற்றி, பித்தளைக் குவளையில் கொண்டுவந்து நம் முன்னே வைத்தார்.

நம் கை குவளையை நோக்கிச் சென்றது. பாதி வழியில் நின்றது.

அவ்வளவுதான். ஒரு கணம், மிஞ்சினால் இரண்டு கணம். பட்டதாரி, பல்லாண்டு காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், மேடையேறித் தீண்டாமையை எதிர்த்துப் பேசியவர். அக்கை நின்றது. "சூடாக இருக்கிறது, ஆறட்டும்" என்றோம். அது சூடாக இருக்கவில்லை. மலைக் குளிரில் அது நம் முன்னே வந்தபோதே பாதி ஆறியிருந்தது. தாயார் அதைக் கவனித்தாரோ இல்லையோ, வாசற்படியில் நின்ற பிள்ளை கவனித்தாள். அவள் பார்வை குவளையிலிருந்து நம் முகத்துக்கு வந்து, பிறகு நிலத்துக்குச் சென்றது.

சிறிது பொறுத்துத் தாயார், "ஆறிப் போச்சுங்க சேர், வேற ஊத்தித் தரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று ஒரே மூச்சிற் குடித்து வைத்தோம்.

வீடு திரும்பிய இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் நமக்குப் பழக்கமான வைத்தியர் ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் தந்த நூல்களைப் படித்தோம். மேலே எழுதிய விவரங்களெல்லாம் அதன் பின் நாம் அறிந்தவையே. அறிந்தபோது இரண்டு உண்மைகள் நம்மை வெட்கப்படுத்தின. முதலாவது, லூப்பஸ் தொற்றாது. இரண்டாவது, அது உண்மையிலேயே குஷ்டரோகமாக இருந்திருந்தாலும், மருந்து உண்ணத் தொடங்கியவரிடமிருந்து விரைவிலேயே தொற்றும் அபாயம் நீங்கிவிடுகிறது. அவர் கொடுத்த தேநீரைக் குடிப்பதால் யாருக்கும் ஒன்றும் வராது. ஆகவே, அவருக்குக் குஷ்டரோகம் இல்லை என்று நிரூபித்து ஊரின் வாயை அடைப்பதும் முழு நியாயமாகாது. அந்நோய் உடையவரை மட்டும் எட்ட நிறுத்தலாமா? ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டில் ஹெந்தளையிற் குஷ்டரோகிகளைத் தனியே வைக்க ஒரு மனையைக் கட்டினர். கட்டடம் கல்லால் ஆனது. அச்சத்தின் சுவர் அதனிலும் உறுதியானது போலும்.

படித்ததில் நம்மைப் பெரிதும் வியக்கவைத்த செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். லூப்பஸ் நோயாளிகள் பெரும்பாலோர் ஆண்டுக் கணக்கில் உண்ணும் அடிப்படை மருந்து ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இந்த அம்மையாருக்கும் அதுவே நிரந்தர மருந்து. இது இரசாயனசாலையில் ஆக்கப்படுவதே. ஆயினும் இதன் வம்சாவளி சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த குயினைனில் தொடங்குகிறது. நம் பாட்டனார்கள் கொயினா என்று முகம் சுளித்து விழுங்கினார்களே, அதுவேதான். இந்தச் சிங்கோனாவை இலங்கையில் வளர்ப்பதற்காகவே 1861 ஆம் ஆண்டு ஹக்கலைப் பூந்தோட்டம் தோன்றியது. இன்று வசந்த காலத்தில் மக்கள் உரோசாப் பூக்களைக் காணச் செல்லும் அதே தோட்டம்! கோப்பிச் செடியை நோய் தின்றபின், தோட்டத்துரைமார் சிங்கோனாவை நம்பினர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேல் மரப்பட்டை இங்கிருந்து கப்பலேறியது. விலை விழுந்ததும் மரங்களை வெட்டித் தேயிலையை நட்டார்கள்.

அவ்வாறிருக்க, 1894 ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் பேன், லூப்பஸ் தோலுக்குக் குயினைன் நன்மை செய்வதாக எடுத்துரைத்தார். 1951 ஆம் ஆண்டில் பேஜ் என்ற ஆங்கில வைத்தியர் மெப்பக்கிரின் என்ற மற்றொரு மலேரியா மருந்தை லூப்பஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துக் குணங்கண்டார். 1955 ஆம் ஆண்டில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கனடா நாட்டு வைத்தியர்கள் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நலமாக இருக்கிறோம் என்று அம்மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி சீறுவது இரண்டரை மடங்காயிற்று என்று கண்டனர். 2020 ஆம் ஆண்டில் கொரோனாவுக்கு இது கைகண்ட மருந்து என்று ஒரு புரளி கிளம்பி, உலகெங்கும் லூப்பஸ் நோயாளிகள் தங்கள் குளிசைக்கு அலைந்ததும் உண்டு. கொரோனாவுக்கு அதனாற் பயனில்லை என்பது அவ்வாண்டு ஆனி மாதத்திலேயே பெரும் பரிசோதனைகளில் வெளியாயிற்று. நம் மலைகளில் தேயிலைக்கு வழிவிட்டு மறைந்த மரத்தின் பேத்தி, அத்தேயிலையைப் பறிக்கும் பெண்ணின் உயிரைக் காக்கத் திரும்பி வந்திருக்கிறாள் என்று நினைக்கும்போது மனம் சற்று ஆறுதல் கொள்கிறது.

மறுவாரம் இரண்டாம் முறை லயத்துக்குச் சென்றோம். இம்முறை சாயத்தை நாமே கேட்டு வாங்கிக் குடித்தோம். பிறகு தோட்டத்துச் சுகாதார உத்தியோகத்தரோடு, பீலிக்கரைக்கு வரும் பெண்கள் சிலரை உட்கார வைத்துப் பேசினோம். சிலர் ஏற்றார்கள், சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பீலியில் முறை மாறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

வெயிலை விலக்குமாறு வைத்தியர் கட்டளையிட்டிருந்தார். இவ்வறிவுரை நகரத்துப் பெண்ணுக்கு ஒரு குடையோடு முடிந்துவிடும். கொழுந்து பறிப்பவருக்கு இரண்டு கையும் செடியில் இருக்கவேண்டும். குடையை எந்தக் கையாற் பிடிப்பது? வெயிலுக்கு அஞ்சி மலைக்குப் போகாவிட்டாற் பேர் விழாது. அப்போது நாட்கூலி ஆயிரம் ரூபா. அதுவும் 2021 ஆம் ஆண்டு நெடும் போராட்டத்தின் பின் கிடைத்தது. மாதந்தோறும் கண்டிக்குச் செல்லும் நாளிற் கூலியும் போய், பஸ் செலவும் ஏறும். வைத்தியரின் கடிதத்தைக் காட்டியபின் சில மாதங்கள் ஸ்டோரில் கூரையின் கீழ் வேலை கொடுத்தார்கள். பின்னர் மலைக்கே திரும்ப நேர்ந்தது. இப்போது அகன்ற விளிம்புத் தொப்பி, முழங்கையை மூடிய தடித்த சட்டை, கழுத்தைச் சுற்றிய துணி, முகத்துக்கு வெயில் தடுக்கும் பூச்சு, காலைக் குளிருக்குக் கையுறை ஆகியவற்றோடு போகிறார். ஓய்வு நேரத்தில் நிழல் மரத்தைத் தேடுகிறார். இது முழுத் தீர்வு அன்று. கையிலுள்ள தீர்வு இவ்வளவே.

வாசகர்களுக்கு, சிறப்பாக மலைநாட்டுச் சகோதரிகளுக்கு, நாம் கற்றவற்றிற் சிலவற்றைச் சொல்லிவைக்க விரும்புகிறோம். மூட்டு வலி, மயிர் கொட்டுதல், வெயில் பட்டதும் கன்னம் சிவத்தல், குளிரில் விரல் நிறம் மாறுதல், வாய்ப்புண், நுரைத்த சிறுநீர் ஆகியவை ஒருவரிடத்தே சேர்ந்து காணப்பட்டால், அவற்றை ஒன்றாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள். கொப்புளம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அம்மையென்று காத்திருக்க வேண்டாம். கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டாம், கிருமி புகும். புதிய மருந்து உண்டபின் காய்ச்சலோடு தோல் உரிந்து, கண்ணும் வாயும் புண்ணானால் அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அது உயிருக்கு ஆபத்தானது. லூப்பஸ் உள்ளவர்கள் வேறெந்த மருந்து வாங்கும்போதும் தம் நோயைச் சொல்லியே வாங்கவேண்டும். கிருமிகளுக்குக் கொடுக்கும் சல்பா வகை மருந்துகள் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். சுகமாயிற்று என்று நிரந்தர மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. அம்மருந்தை நெடுங்காலம் உண்பவர்கள் கண் பரிசோதனையையும் மறக்கக்கூடாது.

நம் மாணவி சித்திரை விடுமுறை கழிந்து வகுப்புக்கு வந்தாள். முதல் நாள் அவள் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. இடைவேளையில் நம்மிடம் வந்து, தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டாள்.

"சேர், நீங்க எங்க வீட்டுல சாயம் குடிச்சீங்கன்னு வகுப்புல சொல்லுவீங்களா? நீங்க சொன்னா நம்புவாங்க."

சொன்னோம். அன்றே சொன்னோம். நோயின் இயல்பையும் விளக்கி, நாம் இரண்டு முறை அவ்வீட்டிற் சாயம் குடித்தோம், நன்றாகவே இருந்தது என்றோம். அடுத்த நாள் அவள் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து அமர்ந்தாள். அப்பிள்ளைகள் இருவரும் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டார்கள். ஒருத்தி இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள்.

ஆனால் வகுப்பில் அன்று நாம் சொன்னது பாதிதான். குடித்தோம் என்பதைச் சொன்னோம். குடிப்பதற்கு முன் கை நின்றதைச் சொல்லவில்லை. முதல் வரிசையிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பிள்ளைக்கு மற்றப் பாதியும் தெரியும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியரின் மானத்தைக் காத்த அம்மாணவிக்கு நாம் பட்ட கடன் நெடுநாள் மனத்தில் உறுத்திற்று. அந்த மற்றப் பாதியைத்தான் இன்று இங்கே எழுதினோம்.